ஒன்றிலிருந்து எண்ணிய லோடர்

அழிப்பது எனக்குப் பிடிக்கும். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை. புதிதாக எழுதியதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் சொல்லட்டும். இன்றைக்கு இத்தனை வரியைத் தூக்கிப் போட்டேன் என்று சொல்ல முடிந்தால்தான் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கும். வீட்டிலும் அப்படித்தான். எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிகளை ஒரு டப்பாவில் போட்டுப் பத்திரப்படுத்துகிற ஆளைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் நாகூர்க்காரி. வேலை பார்ப்பது தஞ்சாவூரில், நெல் உலர்த்தும் ட்ரையர்களுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில். அறுவடை மெஷினிலிருந்து ஈரத்தோடு வரும் நெல்லை மில்லில் உயரமான கூண்டுக்குள் கொட்டி, சூடான காற்றை விட்டு, வேண்டிய பதத்துக்குக் காய வைக்கிற எந்திரம்தான் ட்ரையர். அதற்குப் பக்கத்தில் ஒரு இரும்புப் பெட்டி நிற்கும். அதற்குள் சின்னக் கம்ப்யூட்டர், அதற்குள் சி மொழியில் எழுதிய எங்கள் புரோகிராம். ஒன்பது வருஷமாக அந்தப் புரோகிராமுக்குச் சோறூட்டி, மூக்குச் சிந்தி, பார்த்துக்கொள்கிறவள் நான் ஒருத்திதான்.

அது ஒரே துண்டாக எழுதியது இல்லை. நெல்லின் ஈரத்தைப் பார்க்க ஒரு துண்டு, காற்றின் சூட்டைப் பார்க்க ஒன்று, ஃபேனுக்கு ஒன்று, நெல்லை மேலே தூக்குகிற எலிவேட்டருக்கு ஒன்று. இவற்றை மாட்யூல் என்போம். கரண்ட் வந்து பெட்டி விழித்ததும் லோடர் என்கிற பகுதி இந்த மாட்யூல்களை ஒவ்வொன்றாக உள்ளே கூப்பிட்டு வரிசையாக உட்கார வைக்கும். பிறகு இன்னொரு சுற்று வந்து ஒவ்வொன்றையும் தட்டி, "தொடங்கு" என்று சொல்லும். அவ்வளவுதான் லோடரின் வேலை.

அந்த அவ்வளவுக்கு அந்தக் கோப்பு எவ்வளவு நீளம் என்கிறீர்கள்! மாட்யூலை உள்ளே கொண்டுவர மூன்று விதமான வழிகளை எழுதி வைத்திருந்தார்கள். ஒன்று, பல வருஷத்துக்கு முன்பே விற்பனை நின்றுபோன ஒரு போர்டுக்கு. இன்னொன்று, யாரோ ஒரு வாடிக்கையாளர் கேட்டு, பிறகு வேண்டாம் என்று போய்விட்டதற்கு. மூன்றாவதுதான் இன்றைக்கு உண்மையில் ஓடுவது. அது இருந்தால் இப்படி, இது இல்லாவிட்டால் அப்படி என்று நிபந்தனைக்குள் நிபந்தனையாகப் போய், நடுவில் படிக்கிறவருக்கு மூச்சு முட்டும்.

அதைவிட மோசம் குறிப்புகள். "தற்காலிகம். அடுத்த சம்பாவுக்குள் எடுத்துவிடவும்" என்று ஒன்று. எந்த வருஷத்துச் சம்பா? எழுதிய புண்ணியவானுக்கே தெரியாது. "இந்த வரி ஒருபோதும் ஓடாது" என்று ஒன்று. ஓட்டிப் பார்த்தால் தினமும் ஓடுகிறது. "தொடாதே, ஏன் என்று கேட்காதே" என்று இன்னொன்று. ஏன் கேட்கக் கூடாது? நான் கேட்பேன். ஒன்றின் கீழேயும் எழுதியவர் பெயர் இல்லை. மொட்டைக் கடுதாசி மாதிரி எல்லாம்.

போன வருஷம் புதுப் போர்டு ஒன்று வாங்கியபோது அந்தப் பழைய லோடர் அதில் ஏறவில்லை. அன்றைக்கு எனக்கு அனுமதி கிடைத்தது. மூன்று வாரம் உட்கார்ந்து வெட்டினேன். செத்த போர்டுக்கான வழி போயிற்று. வராத வாடிக்கையாளருக்கான வழி போயிற்று. எந்தச் சம்பாவுக்கோ எடுக்க வேண்டியதை அந்தக் குறுவைக்கு எடுத்தேன். அடேயப்பா, அந்த மூன்று வாரமும் நான் பாடிக்கொண்டே வேலை பார்த்தேன் என்று பக்கத்து மேசையில் சொன்னார்கள்.

கடைசியில் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது. மாட்யூல் வரிசையின் முதல் இடத்தில் பிள்ளையார் பெயரில் ஒரு மாட்யூல். திறந்து பார்த்தால் உள்ளே எதுவும் இல்லை. கூப்பிட்டால் பூஜ்யம் என்று பதில் சொல்லிவிட்டுத் திரும்பிவிடும். மேலே ஒரு குறிப்பு: "பிள்ளையார் துணை. எடுக்காதே." காகிதத்தில் எதை எழுதத் தொடங்கினாலும் தலையில் சுழி போடுவதில்லையா, அதுபோல இந்தப் புரோகிராமை முதலில் எழுதியவர் போட்டு வைத்திருக்கிறார். அவர் எப்போதோ வேலையை விட்டு வெளிநாடு போய்விட்டார்.

அதை எடுக்க இரண்டு நாள் யோசித்தேன். யோசித்ததுதான் எனக்கு ஆத்திரம். என் இடத்தில் வேறு யாராவது இருந்தால் டீ குடிப்பதற்குள் அதை எடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார்கள். நான் மட்டும் ஏன் யோசிக்க வேண்டும்? காலிக் கோப்பு காலிக் கோப்புதானே? எடுக்கப்போகிறவற்றின் பட்டியலை ஒழுங்காக எழுதி, முதலாளிக்கு மெயில் அனுப்பினேன். முப்பத்தோராவது வரியில் இது. "ஓகே" என்று பதில் வந்தது. மூன்றாம் நாள் காலையில், எனக்கு என் மேலேயே இருந்த கோபத்தில், பட்டென்று எடுத்துப் போட்டேன்.

அந்தக் கோபத்தில்தான் நான் அடுத்த பத்து வரியைச் சரியாகப் பார்க்கவில்லை. அதை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன். பிறகு நடந்தது எல்லாவற்றுக்கும் விதை அதுதான்.

ஆபீஸ் மேசையில் வைத்துச் சோதித்ததில் எல்லாம் சரியாக ஓடியது. குறுவை அறுவடை நடந்துகொண்டிருந்தது. கொரடாச்சேரிப் பக்கம் ஒரு மில்லில் ஏற்கெனவே இருந்த பெட்டிக்குத்தான் முதலில் புதுப் புரோகிராம் போயிற்று. எங்கள் சர்வீஸ் அண்ணன், மில் மில்லாகப் போய்ப் பெட்டி மாட்டுகிறவர், ஒரு சாயங்காலம் போய் ஏற்றிவிட்டு வந்தார். அப்போது ட்ரையருக்குள் நெல் இல்லை. காலி எந்திரத்தில் விளக்குகள் எரிவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

மறுநாள் காலை நல்ல மழை. பத்து மணி இருக்கும். அந்த மில்லில் ட்ரையர் ஓட்டுகிற பெண் சர்வீஸ் அண்ணனைப் போனில் கூப்பிட்டாள். அவர் வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டார். அந்தக் குரல் ஹால் முழுக்கக் கேட்டது.

"அண்ணே, நெல்லுல கைய விட்டா தண்ணியா ஒட்டுது. மெஷினு காஞ்சு போச்சுங்குது. ஈரம் பூஜ்யம்னு காட்டி, காத்த நிறுத்திடுதுண்ணே. மூணு தடவ போட்டுப் பாத்துட்டேன். வெளிய ரெண்டு டிப்பர் நெல்லு தார்ப்பாய்க்குள்ள நிக்குது. கைய வச்சா சூடு தெரியுது. என்னண்ணே பண்ணட்டும்?"

ஈர நெல்லைக் குவித்து வைத்தால் உள்ளுக்குள் சூடேறும். விட்டால் முளைத்துவிடும். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் காற்று பட்டாக வேண்டும். ஹாலில் இருந்த எல்லோருக்கும் இது தெரியும். எல்லோர் வீட்டிலும் யாராவது ஒருவர் நெல் போட்டவர்தான்.

சர்வீஸ் அண்ணன் போனைக் கையால் மூடிக்கொண்டு, என்னைப் பார்க்காமல், பொதுவாகச் சொன்னார். "பிள்ளையாரத் தூக்கினாங்கள்ல. அதான்."

யாரும் சிரிக்கவில்லை. யாராவது சிரித்திருந்தால்கூட எனக்குப் பரவாயில்லையாக இருந்திருக்கும். ஒன்பது வருஷம் என்னோடு சாப்பிட்டவர்கள், நோன்புக் கஞ்சி கொண்டுவந்தால் இரண்டாவது டம்ளர் கேட்கிறவர்கள், அத்தனை பேரும் அவரவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் காது மடல் கொதித்தது.

முதலாளி உள்ளே கூப்பிட்டார். நல்ல மனிதர். குரலை உயர்த்தமாட்டார். அன்றைக்கும் உயர்த்தவில்லை.

"பழசையே திருப்பிப் போட்டுடுங்க. அந்தப் பிள்ளையார் ஃபைலோட."

"சார், என்ன ஆச்சுன்னு ஒரு அரை மணி நேரம் பாக்குறேன்."

"பாருங்க. ஆனா அத வச்சிடுங்க. சொல்லாம எடுத்திருக்கீங்க..."

"முப்பத்தோராவது வரி, சார். ஓகேன்னு நீங்க அனுப்பியிருக்கீங்க."

அவர் மெயிலைத் திறந்து பார்த்தார். முகம் கொஞ்சம் மாறியது. "நான் அவ்வளவு தூரம் படிக்கல," என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார். "யார் எடுத்தாலும் ஒண்ணுதான், எனக்குத் தெரியும். ஆனா நீங்க எடுத்தீங்கன்னு வெளிய தெரிஞ்சா நல்லா இருக்காதுங்க. மில்லுக்காரங்க என்ன நினைப்பாங்க? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அந்த "நீங்க" என்கிற சொல்லை அவர் அழுத்திச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அழுத்தித்தான் கேட்டது.

என் மேசைக்கு வந்து லோடரைத் திறந்தேன். எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். பத்தே நிமிஷத்தில் கண்டுபிடித்தேன். மாட்யூல்களை உட்கார வைக்கிற சுற்று பூஜ்யத்தில் தொடங்குகிறது. சி மொழியில் வரிசையின் முதல் இடம் பூஜ்யம்தான், அது சரி. ஆனால் ஒவ்வொன்றையும் தட்டித் தொடங்கச் சொல்கிற அடுத்த சுற்று ஒன்றிலிருந்து எண்ணியது. அதாவது முதலில் உட்கார்ந்திருப்பவரை யாரும் தட்டுவதே இல்லை. இத்தனை வருஷம் முதலில் உட்கார்ந்திருந்தது காலி மாட்யூல். தட்டினால் என்ன, தட்டாவிட்டால் என்ன? நான் அதை எடுத்ததும் ஈரம் பார்க்கிற மாட்யூல் நகர்ந்து முதல் இடத்துக்கு வந்துவிட்டது. அதை எழுப்ப ஆள் இல்லை. ஈரத்தை அளக்கிற சென்சாருக்குப் பதிலாக ஆபீஸ் மேசையில் சோதனைக்கு வைத்திருக்கும் பொய் சென்சாரோ யாரும் எழுப்பாமலே தானாக எண்ணைத் தள்ளிக்கொண்டிருக்கும். அதனால் எனக்கு எதுவும் தெரியவில்லை.

அந்தச் சுற்றுக்கு மேலே ஒரு குறிப்பு இருந்தது: "எல்லா மாட்யூலையும் தொடங்கு." எல்லா! அடப் பாவி மனுஷா. குறிப்புகள் பொய் சொல்கின்றன என்று மூன்று வாரமாகத் திட்டித் திட்டி அழித்தவள், இந்த ஒரு குறிப்பை மட்டும் நம்பித் தாண்டிப் போயிருக்கிறேன். தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது.

ஒன்று என்பதைப் பூஜ்யமாக மாற்றினேன். வேலை முடிந்தது. ஒரே ஒரு எழுத்து. பொய் சென்சாரைப் பிடுங்கிவிட்டு நிஜமானதை மாட்டி, ஓடுகிறதா என்றும் பார்த்தேன். ஓடியது.

முதலாளியிடம் போய்க் காட்டினேன். புரிந்துகொண்டார். புரிந்துகொண்டும், "சரி, இதையும் பண்ணுங்க, அதையும் வச்சிடுங்க. ரெண்டும் இருக்கட்டுமே," என்றார்.

"எதுக்கு சார்? அதுல எதுவுமே இல்லையே."

"இல்லாததை வைக்கிறதுல உங்களுக்கு என்ன கஷ்டம்?"

கஷ்டம் என்ன என்று எனக்குத் தெளிவாகவே தெரிந்தது. அதை நான் திருப்பி வைத்தால், அதை எடுத்ததனால்தான் நெல் காயவில்லை என்று ஆகிவிடும். நான் ஒரு சாமியைத் தூக்கிப் போட்டேன், பிறகு பயந்துபோய்த் திருப்பி வைத்தேன் என்று ஆகிவிடும். நாளைக்கு நான் இந்தக் கம்பெனியில் எதைத் தொட்டாலும் அந்தக் கதை என் முன்னால் போய் நிற்கும். நிற்க விடுவேனா?

மழையில் அந்த மில்லுக்கு நெட் கிடைக்கவில்லை. நேரில் போக வேண்டும். சர்வீஸ் அண்ணன் கார் எடுத்தார். முதலாளி அவர் கையில் ஒரு பென் டிரைவ் கொடுத்தார், பழைய புரோகிராம், பிள்ளையாரோடு. என் கைப்பையில் இன்னொன்று.

கிளம்புகிற நேரத்தில் நாகூரிலிருந்து உம்மா கூப்பிட்டார்கள். குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்கள். ஆத்திரத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"வச்சுட்டுத்தான் வாயேம்மா. நமக்கு எதுக்குப் பொல்லாப்பு? ஒரு ஃபைல் இருந்தா உனக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

"கொறஞ்சுதான் போகும் உம்மா. வைக்க மாட்டேன்."

"உன் பிடிவாதம் யாருக்கும் வராது," என்று போனை வைத்துவிட்டார்கள். அது எனக்குப் பாராட்டாகத்தான் பட்டது.

மழையோடு அம்மாப்பேட்டை தாண்டினோம். சாலையில் பாதியை அடைத்து நெல்லைக் கொட்டி, மேலே தார்ப்பாய் போட்டுக் கல் வைத்திருந்தார்கள். இடையில் கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்தால் போதும், பாயை விலக்கிக் காலால் கிளறிவிடுவார்கள். அன்றைக்கு எட்டிப் பார்க்கிற மாதிரி இல்லை. நீடாமங்கலம் வந்ததும் ரயில்வே கேட் போட்டிருந்தது. அது என்றைக்குத்தான் போடாமல் இருந்தது! இரண்டு பக்கமும் லாரி, பஸ், டிராக்டர் எல்லாம் நின்றன. அண்ணன் வண்டியை அணைத்தார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. நான் வாய் தவறித்தான் சொன்னேன்."

"வாய் தவறலண்ணே. நீங்க அதைத்தான் நினைச்சீங்க."

நான் லேப்டாப்பைத் திறந்து மடியில் வைத்தேன். "இங்க பாருங்க," என்றேன். பழைய லோடரையே எடுத்து, பிள்ளையார் இருந்த இடத்தில் 'சும்மா' என்று பெயர் வைத்து ஒரு காலி மாட்யூலைப் போட்டு ஓட்டினேன். எது எது தொடங்கியது என்று திரையில் வரிசையாக வந்தது. ஈரம் தொடங்கியது, சூடு தொடங்கியது, ஃபேன் தொடங்கியது. பிறகு சும்மாவை எடுத்துவிட்டு ஃபேனை முதலில் வைத்து ஓட்டினேன். ஃபேன் மட்டும் தொடங்கவில்லை. எலிவேட்டரை வைத்தேன். எலிவேட்டர் தூங்கியது.

அவர் ஸ்டியரிங் மேல் கை வைத்தபடி குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "சும்மா வச்சாலும் ஓடுதே?" என்றார்.

"அண்ணே, உங்க வீட்டு விசேஷத்துல பந்தி போடுறப்ப முதல் இலை யாருக்கு?"

"பிள்ளையாருக்கு."

"அதுக்கு முன்னாடி யாரும் உக்கார மாட்டாங்கள்ல? முதல்ல எழுதினவர் முதல் இலையப் பிள்ளையாருக்குப் போட்டுட்டு, சாப்பிடுறவங்களுக்குப் பரிமாற வர்றவர ரெண்டாவது இலையிலேருந்து ஆரம்பிக்கச் சொல்லிட்டார். வேற யார்கிட்டயும் சொல்லல, எழுதியும் வைக்கல. நான் அந்த முதல் இலைய எடுத்தேன். எல்லாரும் ஒரு இலை முன்னாடி நகந்து உக்காந்தாங்க. பரிமாறுறவர் இன்னும் ரெண்டாவது இலையிலேருந்துதான் ஆரம்பிக்கிறார். முதல்ல உக்காந்தவன் பட்டினி. சாமி கோச்சுக்கவும் இல்ல, ஒண்ணும் இல்ல. இலைய எடுத்தத பரிமாறுறவருக்கு யாரும் சொல்லல, அவ்வளவுதான்."

அண்ணன் பந்தி பரிமாறத் தெரிந்த மனிதர்; சட்டென்று பிடித்துக்கொண்டார். "அப்ப பரிமாறுறவர்கிட்டச் சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

ரயில் போயிற்று. கேட் திறந்தது. பின்னால் இருந்த பஸ்காரர் காது கிழிய ஹாரன் அடித்தார். அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டே, "இலை ஒண்ணு சும்மா கெடந்தாத்தான் என்ன மேடம்?" என்று கேட்டார். இவரை நான் என்ன செய்வேன்!

மில்லுக்குப் போனபோது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. ட்ரையர் ஓட்டும் பெண்ணுக்கு என் வயசுதான் இருக்கும். புடவை மேல் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டியிருந்தாள். அவள் சும்மா இருக்கவில்லை. சூடு இல்லாத காற்றைக் கையால் போடுகிற ஸ்விட்சைப் போட்டு, நெல் வேகாமல் காலையிலிருந்து காப்பாற்றி வைத்திருந்தாள். ஈரம் தெரியாமல் சூட்டைப் போட்டால் அரிசி நொறுங்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. டிப்பர் பக்கத்தில் ஒரு விவசாயி, குத்தகைக்கு எடுத்து நடவு போட்டவராம், தார்ப்பாயைத் தூக்கி உள்ளே கை விட்டுப் பார்ப்பதும் மூடுவதுமாக நின்றார். காலையிலிருந்து அதையேதான் செய்கிறார் என்று அவள் சொன்னாள்.

அண்ணன் பாக்கெட்டில் ஒரு பென் டிரைவ், என் பையில் ஒன்று. அவர் தன் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எடுக்கவில்லை. நான் என்னுடையதைச் செருகினேன். பெட்டி அணைந்து எழுந்தது. திரையில் ஈரம் என்ற இடத்தில் பூஜ்யம். ஒரு நொடி. இரண்டு நொடி. பிறகு எண் தடதடவென்று ஏறி இருபத்து மூன்றில் நின்றது. அவள் கூண்டிலிருந்து ஒரு பிடி நெல் எடுத்து, ஒன்றைப் பல்லால் கடித்துப் பார்த்து, "சரியாத்தான் காட்டுது," என்றாள். சூட்டுக் காற்று சீறிக்கொண்டு கிளம்பியது. வெளியே டிப்பரை நகர்த்தும் சத்தம் கேட்டது.

நான் அவளிடமும் அந்த விவசாயியிடமும் போய்ச் சொன்னேன். "தப்பு என்னுது. ஒரு இடத்தைச் சரியாப் பாக்காம விட்டுட்டேன். உங்களுக்கு அரை நாள் போச்சு. மன்னிச்சுக்கங்க." அவர், "காத்து வந்துட்டுதுல்ல, போதும்மா," என்று தார்ப்பாயை மடிக்கப் போய்விட்டார்.

அண்ணன் அவளிடம் கொஞ்சம் தயங்கித் தயங்கிக் கேட்டார். "இந்தப் பொட்டிக்குள்ள முன்னாடி பிள்ளையார் பேருல ஒண்ணு இருந்துது. இப்ப எடுத்தாச்சு. உங்களுக்கு ஒண்ணும்... இல்லியே?"

அவள் புரியாமல் பெட்டியைப் பார்த்தாள். பெட்டிக் கதவின் மேல் ஒரு பிள்ளையார் படம் ஒட்டியிருந்தது. போன ஆயுத பூஜைச் சந்தனம் காய்ந்து, ஓரத்தில் உதிர்ந்திருந்தது. இடுக்கில் அன்றைக்குக் காலையில் செருகிய ஒரு செம்பருத்தி.

"எங்க எடுத்தீங்க? இங்கதான இருக்காரு?"

"இவரு இல்ல. உள்ள, புரோகிராமுல."

"உள்ள ஒருத்தரு இருந்தாரா?" அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்கு யாருமே சொல்லலியே. நான் தெனம் பூ வச்சது இவருக்குத்தான்."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் சிரித்திருப்பேன், அல்லது அழுதிருப்பேன். மில்லுக்காரர்கள் என்ன நினைப்பார்கள் என்று காலையிலிருந்து எத்தனை பேர் பயந்தோம்! அவர்களுக்கு அப்படி ஒன்று உள்ளே இருந்ததே தெரியாது.

அப்போது முதலாளி கூப்பிட்டார். இந்த முறை ஸ்பீக்கரில் போட்டது நான்.

"ஓடுதா?"

"ஓடுது சார்."

"அப்பாடா. அதையும் வச்சாச்சுல்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சொன்னார். "வைக்கல சார். வைக்காமத்தான் ஓடுது. நான் காலையில சொன்னது தப்பு."

பிறகு முதலாளி, ரொம்ப அன்பாகத்தான், சொன்னார். "சரி, விடுங்க. அவங்க தெரியாம எடுத்துட்டாங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிறேன்."

அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் சுமுகமாக முடிந்திருக்கும். உம்மா அதைத்தான் சொல்லியிருப்பார்கள். நான் என்ன செய்வேன், எனக்கு அப்படி வராது.

"தெரியாம எடுக்கல சார். தெரிஞ்சுதான் எடுத்தேன். அது காலி. எனக்குத் தெரியாமப் போனது அதுக்குக் கீழ இருந்த லூப், தட்டி எழுப்புற அந்தச் சுத்து. அதுக்கு இவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டாச்சு. எடுத்ததுக்கு நான் யார்கிட்டயும் கேக்க மாட்டேன். எனக்காக நீங்களும் கேக்காதீங்க."

"நாளைக்கு வாங்க, பேசுவோம்," என்று போனை வைத்துவிட்டார்.

மறுநாள் நான் திருத்தியதை அவர் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். இந்த முறை ஒவ்வொரு வரியாகப் படித்தார். முப்பத்தோராவது வரிக்கு முன்னாலேயே நிறுத்திவிடவில்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று. கடைசிப் பக்கத்தில், தட்டி எழுப்புகிற அந்தச் சுற்றுக்கு மேலே நான் எழுதியிருந்த குறிப்பின் கடைசி வரி மேல் விரலை வைத்தார்.

"இந்த வரி வேணுமா?"

"வேணும் சார்."

"சரி. கீழ இருக்கற பேரு? நம்ம கோடுல யாரும் பேரு போடறதில்லயே."

"அதனாலதான் சார் போட்டேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். விரலை எடுத்தார். "இருக்கட்டும்," என்றார்.

அந்தக் குறிப்பு இன்றைக்கும் இருக்கிறது. "எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குகிறது. முன்பு ஒன்றில் தொடங்கியது, அதனால் முதல் மாட்யூல் எழும்பவில்லை. அதைக் கவனிக்காதது என் தப்பு. முதல் இடத்தில் ஒரு காலி மாட்யூல் இருந்தது. அதைத் தெரிந்தேதான் எடுத்தேன்." அதற்குக் கீழே என் பெயர், வாப்பாவின் பெயரோடு, முழுசாக. படிக்கிறவர்களுக்கு நான் யார் என்று அந்தப் பெயரே சொல்லிவிடும். சொல்லட்டும்.